வெயிலைத் தாங்கிய வீடுகள்

1656ஆம் ஆண்டிற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள். இத்தீவின் வெப்பம் அவர்களுக்குப் புதிய பாடம் கற்பித்தது. விறாந்தையும் நடுமுற்றமும் சரிந்த ஓட்டுக்கூரையும் அவர்தம் இல்லங்களில் இடம்பெற்றன. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாய், 1757இல் நிறைவெய்திய வுல்பெண்டால் தேவாலயத்தின் சுவர்கள் ஏறக்குறைய 5 அடி கனமுடையவை. கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்த அச்சுவர்கள் பகல் வெப்பத்தைத் தம்முள் வாங்கி, காலந்தாழ்த்தியே உள்ளே விடுகின்றன.

ஆங்கிலேயர் காலத்து வெள்ளவத்தை வீடுகளிற் சுவர் மெலிந்தது; எனினும் காற்றுக்கு வழி இருந்தது. சூடேறிய காற்று சாளரத்தின் மேலமைந்த மரச்சல்லடை வழியே வெளியேற, கடற்காற்று கீழே புகுந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா எனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் அமைத்த இல்லத்தில் நடுமுற்றம் மீண்டும் தலையெடுத்தது.

குளிரூட்டி வந்தபின் அச்சல்லடைகள் பலவும் அடைபட்டன. குளிர்ந்த காற்றைக் காக்க அடைத்தல் பிழையன்று. ஆயின், வெப்பம் பெரிதும் இறங்குவது கூரை வழியேயாம். கூரையின்கீழ் வெப்பக்காப்பு இடாது துளைகளை மட்டும் அடைத்த வீடு, மின்சாரம் நின்றவுடன் அடுப்பாகிவிடும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது இவ்வுண்மை நன்கு புலப்பட்டது.

ஆதலின், பழைய வீட்டைப் பேணுவோர் முதலிற் கூரையைக் காத்தல் வேண்டும். சல்லடைக்கோ, திறந்து மூடும் கதவே போதும்.