ஆரஞ்சுத் தோப்பின் முசுறு: ஓர் எறும்பு வணிகத்தின் வரலாறு

பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்கும் உழவு முறைக்கு உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று எறும்பைப் பற்றியது. கி.பி. 304இல் ஜி ஹான் இயற்றியதாக வழங்கும் சீன நூல் ஒன்று தென்னாட்டுத் தாவரங்களை விவரிக்கிறது. இன்றைய வட வியட்நாமில் அடங்கும் சியாவோச்சி வட்டாரத்துச் சந்தைகளில் எறும்புகளைக் கூட்டோடும் கிளையோடும் கோரைப் பைகளில் விற்றார்கள் என்றும், இந்தச் செவ்வெறும்பு இல்லாத ஆரஞ்சு மரத்தில் பழுதில்லாத பழம் ஒன்றுகூடத் தேறாது என்றும் அந்நூல் கூறுகிறது.

தமிழகத்திலும் ஈழத்திலும் மாமரங்களில் காணப்படும் முசுறுதான் அந்த எறும்பு. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துச் சேர்க்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டுகின்றன. ஒரு கூட்டம் ஒரே கூட்டில் அடங்குவதில்லை. பல மரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகளாக அது பரவியிருக்கலாம். அரசியோ பெரும்பாலும் ஒன்றுதான். காய்களில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளையும் இலை தின்னும் புழுக்களையும் முசுறு விரட்டுகிறது, இரையாக்குகிறது.

சியாவோச்சியை அடுத்த தென்சீனக் குவாங்டொங்கில் இவ்வணிகம் வேரூன்றியது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியூ சுன் இதைக் குறிப்பிட்டார். எறும்பு பிடிக்கும் முறையை 12ஆம் நூற்றாண்டில் சுவாங் சுவோ பதிவு செய்தார்: பன்றி அல்லது ஆட்டின் சிறுநீர்ப்பையில் கொழுப்பை நிரப்பி, வாய் திறந்தபடி கூட்டருகே வைத்து, எறும்பு நிறைந்ததும் எடுத்துச் சென்று விற்றார்கள். 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் சூ தாசுன் நூலில், மரத்துக்கு மரம் மூங்கில் கீற்றுகளால் பாலமிடும் வழக்கம் இடம்பெறுகிறது. ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் சொறிநோயைத் தாங்கும் வகைகளைத் தேடி 1915இல் அமெரிக்க வேளாண்துறை அனுப்பிய வால்டர் சுவிங்கிள், எறும்பு வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு சிற்றூரைக் கண்டார். கிராஃபும் ஹோவர்டும் 1924இல் இத்தொழிலை விரிவாக எழுதினார்கள்.

இவ்வணிகம் முழுவதும் எறும்பின் ஓர் இயல்பையே நம்பியிருந்தது. பாலத்தின் வழியே இன்னொரு மரத்துக்குச் செல்லும் முசுறு, அங்குள்ள கூடு தன் கூட்டத்துடையதானால் உள்ளே நுழையும். வேறு கூட்டத்துடையதானால் சண்டை மூளும். எறும்பு இந்த வேறுபாட்டை எப்படி அறிகிறது என்பது 19ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கு உள்ளானது. மணமறியும் உறுப்பான உணர்கொம்பு நறுக்கப்பட்ட எறும்புகள் வேற்றினத்தோடும் சண்டையின்றி வாழ்வதைச் சுவிட்சர்லாந்தின் ஆகுஸ்த் ஃபோரெல் 1874இல் எழுதினார். அடுத்து வந்தவர் அடீல் ஃபீல்ட். குவாங்டொங்கின் சுவாத்தோ துறைமுகத்தில் 1870களிலும் 1880களிலும் மறைப்பணி செய்த இந்த அமெரிக்கப் பெண்மணி, 1900க்குப் பின் வுட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில் எறும்புகளை ஆராய்ந்தார். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து அரைநாள்கூட ஆகாத வெவ்வேறு இன எறும்புகளை ஒன்றாக விட்டபோது அவை ஒரே குடும்பமாக வளர்ந்தன. உறவை அறிவது மணத்தால் என்பதும், அந்த மணத்தை எறும்பு இளமையிலேயே பழகிக்கொள்கிறது என்பதும் இதனால் விளங்கின.

அந்த மணத்தின் பெரும்பகுதி எறும்பின் மேல்தோலில் படிந்த நீள்சங்கிலி ஹைட்ரோகார்பன்களின் கலவை. மரபும் உணவும் கூடும் சேர்ந்து கலவையின் விகிதத்தை அமைக்கின்றன. எறும்புகள் ஒன்றையொன்று நக்குவதால் அது கூட்டம் முழுவதற்கும் பொதுவாகிறது. ஆபத்தை அறிவிப்பதும் மணமே. முசுறின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்க இனம் ஆபத்தில் தாடைச் சுரப்பியிலிருந்து விடும் பொருள்களைப் பிராட்ஷா, பேக்கர், ஹௌஸ் மூவரும் 1975இல் பிரித்தறிந்தனர்: ஹெக்சனல் எச்சரிக்கிறது, ஹெக்சனால் அருகே இழுக்கிறது, மெதுவாக ஆவியாகும் அன்டெக்கனோன் போன்றவை கடிக்கத் தூண்டுகின்றன. அதே இனம் மலத்துளிகளால் தன் எல்லையைக் குறிப்பதையும், துளிகளின் மணம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுவதையும் 1977இல் ஹோல்டோப்லரும் வில்சனும் காட்டினர். முன்பே தன் துளிகளால் குறித்த களத்தில் போரிடும் கூட்டத்துக்கே வெற்றி வாய்ப்பு மிகுதி.

செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் பரவியபோது இவ்வணிகம் சுருங்கியது. ஆயினும் சான்சிபார்த் தென்னந்தோப்புகளில் குரும்பை உதிர்வதை ஆப்பிரிக்க இனம் குறைப்பதை 1950களில் மைக்கேல் வே நிறுவினார். 1990களிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ரென்காங் பெங்கும் கீத் கிறிஸ்டியனும் முந்திரி, மாந்தோப்புகளுக்கு முசுறு வளர்ப்பு முறையை வகுத்தனர். வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பலர் முசுறு வளர்ப்பைக் கைவிடவில்லை.

இன்றைய முறை கூட்ட எல்லையை அறிவதில் தொடங்குகிறது. இரண்டு மரங்களின் எறும்புகளை ஓரிடத்தில் சேர்த்து விடுவார்கள். சண்டையிட்டால் அவை வேறு கூட்டங்கள். ஒரு கூட்டத்தின் மரங்களைக் கயிற்றால் இணைத்து, வேறு கூட்டத்தின் மரங்களைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுவார்கள். இடம் மாற்றும்போது அரசி இருக்கும் கூட்டையும் சேர்த்து எடுப்பது இன்றியமையாதது. அரசியற்ற கூட்டில் வேலைக்கார எறும்புகள் இடும் முட்டைகளிலிருந்து ஆண்களே பிறப்பதால், அது நாளடைவில் தேய்ந்துபோகும். தோட்டக்காரர் மறுபடியும் கூடு வாங்க நேரும்.