ஆதுலர் சாலையும் உழைச்செல்வாரும்

மருத்துவம் மருத்துவன் ஒருவனால் மட்டும் நிறைவுறுவதன்று. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த முறை. நான்காம் உறுப்பினனை அவர் 'உழைச்செல்வான்' என்பர். அவ்வுழைச்செல்வார்க்குத் தமிழகம் அளித்த இடம் யாது என்பதைச் சோழர் காலக் கல்வெட்டொன்றாலும், திருவண்ணாமலையில் இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்றாலும் ஈண்டு ஆராய்வாம்.

சவ்வாது மலையில் தோன்றித் திருவண்ணாமலை மாவட்டத்தினூடே ஓடும் செய்யாறு, பாலாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டொன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து தங்கிப் பயின்ற மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் 'வீரசோழன்' என்னும் பெயரால் ஆதுலர் சாலை நிறுவப்பெற்றிருந்ததை அஃது அறிவிக்கின்றது. நோயுற்றோரைக் குறிக்கும் 'ஆதுரர்' என்னும் வடசொல்லே 'ஆதுலர்' எனத் திரிந்தது. சாலையில் நோயாளர் பதினைவர் படுத்திருக்க இடம் இருந்தது. ஒருவர்க்கு நாள்தோறும் நாழி அரிசியும், சாலையில் இரவெரியும் விளக்குக்கு எண்ணெயும் வகுக்கப்பெற்றன.

பணியாளர் ஊதியம் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஆண்டொன்றுக்கு மருத்துவன் பெற்றது 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வான் பெற்றது 30 கலம் நெல். மூலிகை பறித்தும் விறகிட்டும் மருந்து செய்வார் இருவர்க்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும் அளிக்கப்பெற்றன. நோயாளர்க்குப் பணிவிடை செய்து மருந்து அடும் பெண்டிர் இருவர்க்கும் சேர்த்து 30 கலமும் 1 காசும் அளிக்கப்பெற்றன. நாவிதனும் நீர் கொணர்வானும் தனித்தனியே 15 கலம் பெற்றனர்.

கல்வெட்டில் இடம்பெற்றமையே அப்பெண்டிர்க்குப் பெருமை என்று கூறுவாரும் உளர். உறவினர் கடனாகக் கருதப்பெற்ற பணி ஊதியத்துக்குரிய தொழிலாயிற்று என்ற அளவில் அக்கூற்றுப் பொருந்தும். ஆயினும் ஒருத்தி பெற்ற நெல் மருத்துவன் பெற்றதில் ஆறில் ஒரு பங்கே. நாவிதன் பெற்ற அளவே. குறள் நான்கனுள் ஒன்றாக வைத்து எண்ணிய உறுப்பினை, கோயிற் கணக்குக் கடையிடத்தில் வைத்தது என்பது இதனாற் புலனாகும்.

இனி, தீரா நோயில் இவ்வுறுப்பின் நிலை யாதென நோக்குவாம். திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிசியின் இடமுழங்கையில் 1948-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கட்டி, புற்றுநோய் வகையினதென்று அறியப்பெற்றது. 1949-ஆம் ஆண்டில் நான்கு முறை அறுவை நிகழ்ந்தது. கையை நீக்குதல் வேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்றிலர். 1950 ஏப்பிரல் 14 அன்று ஆச்சிரமத்திலேயே உடல் நீத்தார். அறுவையும் மருந்தும் பயன் தாராதொழிந்த அந்நாள்களில், இறுதிவரை அவருக்குத் துணை நின்றது அணுக்கத் தொண்டரின் பணிவிடையே. காட்சிக்கு வருவோரைத் தடுத்தல் ஆகாது என்பது அவர் விருப்பம். அதற்கியைய, இறுதி நாளிலும் மக்கள் அவரைக் கண்டு சென்றனர். நோயுற்றவனது விருப்பத்தைப் பேணுதலும் பணிவிடையின் கூறென்பதற்கு இது சான்று.

திருமுக்கூடலில் இப்பணி குறைந்த ஊதியத்துக்குரியதாயிற்று. திருவண்ணாமலையில் ஊதியம் வேண்டா அன்பாயிற்று. ஆனால் அத்தகைய அன்பர் குழாம் எல்லா நோயாளர்க்கும் வாய்ப்பதன்று. முதியோர் இல்லங்களில் நோயுற்றுக் கிடப்பார்க்கு ஊதியம் பெறும் உழைச்செல்வாரே துணையாவர். மருந்து தோற்ற இடத்தும் எஞ்சி நிற்பது அவர் பணி. அதனை அளக்கும் மரக்கால் இன்னும் 15 கலத்துக்குரியதாகவே இருத்தல் முறையன்று. கோயிற் கல்வெட்டுகளை ஆராய்வார், மருத்துவர் பெயரையும் மருந்தின் பெயரையும் தொகுப்பதோடு அமையாது, பணிவிடை செய்தாரின் கூலிக் கணக்கையும் ஒப்புநோக்குதல் வேண்டும். நான்காம் உறுப்பின் வரலாறு அக்கணக்கிலேயே எழுதப்பெற்றுள்ளது என்க.