பட்டத்தைத் தருவது யார்?

ஏ.எல். ரிசல்ட் வந்த கையோட எங்கட போன்களில் விளம்பரங்கள் வரிசைகட்டும்: முகாமைத்துவப் பட்டம், வெளிநாட்டுச் சான்றிதழ், கைநிறையச் சம்பளம். ஓமந்தையில் இருந்து அதைப் பார்க்கிற எங்களுக்கு இந்தியாவின் ஐ.ஐ.பி.எம். கதைதான் ஞாபகம் வரும்.

1973இல் தொடங்கிய தனியார் முகாமைத்துவக் கல்லூரி அது. ‘ஐ.ஐ.எம்.களையும் தாண்டி யோசியுங்கள்’ என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டது. ஐ.ஐ.எம்.கள் இந்திய அரசின் பெயர்போன நிறுவனங்கள். ஐ.ஐ.பி.எம்.முக்கோ இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரமே இல்லை. பட்டத்தை பெல்ஜியத்தில் உள்ள ஐ.எம்.ஐ. தரும் என்றார்கள், அதற்கும் அந்நாட்டில் அங்கீகாரம் இல்லை.

2005இல் ‘ஜாம்’ இதழ் இந்த விளம்பரங்களைச் சரிபார்த்து எழுதியது. அதைப் பகிர்ந்த வலைப்பதிவர் ஒருவர், சட்ட மிரட்டலுக்குப் பிறகு தன் வேலையை விட்டார். 2011இல் டில்லியின் ‘கேரவன்’ இதழ்மீது 50 கோடி ரூபா கேட்டு வழக்கு. போட்டது எங்கோ அசாமின் சில்சாரில். 2013இல் நீதிமன்ற உத்தரவொன்றால் 70க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்கள் முடக்கப்பட்டன. மானியக் குழுவின் எச்சரிக்கை அறிவித்தலும் அதுக்குள்ள!

2014 செப்டெம்பரில்தான் டில்லி உயர் நீதிமன்றம், எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்ற சொற்களையே அவர்கள் பாவிக்கக் கூடாது என்றது. அதுக்கிடையில் எத்தனையோ பிள்ளைகள் காசு கட்டி முடிச்சிட்டினம்.

பிழையை நீதிமன்றம் கண்டுபிடிக்கப் பத்து வருசம் போகலாம். நாங்கள் கேட்க ஒரு கேள்வி போதும்: பட்டத்தைத் தருவது யார்? அந்தப் பெயரை எங்கட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கோ. அம்மாவின் நகையை அடகு வைக்க முதல்.