மறுகரை

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20இல் திறக்கப்படுமுன், தலையிற் காயமுற்றோரும் துறையடியில் பாதையேறியே திருகோணமலை வைத்தியசாலைக்குச் சென்றனர். பாலம் அக்கரையை அண்மையாக்கிற்று. உயிர் பிழைத்தவர் பழைய வாழ்வுக்கு மீளும் கரையோ தொலைவிலேயே உள்ளது. அவரது மறதியைச் சோம்பல் என்கிறோம். சினத்தைக் குணக்கேடு என்கிறோம். மூளையின் காயம் கண்ணுக்குத் தெரியாதன்றோ?

வரலாறு காட்டும் ஒருவரை நினைப்போம். 1943 மார்ச்சில், ஸ்மொலென்ஸ்க் போர்முனையில், சோவியத் வீரர் சசெத்ஸ்கியின் மூளையைக் குண்டு துளைத்தது. எழுத்துக்களும் மறந்தன. ஒவ்வோர் எழுத்தாக எண்ணாது, கையெடுக்காமல் சொல்லை எழுதும்படி வைத்தியசாலையில் தூண்டினர்; கை மறக்கவில்லை! எழுதியதை வாசிக்கவே தடுமாறியவர், கால் நூற்றாண்டில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதினார். உளவியலறிஞர் லூரியா நெடுங்காலம் அவரைக் கைவிடாதிருந்து, 1971இல் அவர் கதையை நூலாக்கினார்.

அந்த நெடும்பொறுமையை இன்று வீட்டார் மட்டுமே சுமக்கின்றனர். அது சமுதாயத்தின் கடனாகும்.