திறையும் தெய்வக் கடனும்

வென்றவர் எழுதும் வரலாற்றில் தோற்றவர் காட்டுமிராண்டிகளாவர். தோற்றவருக்காக இரங்குவோர் எழுதும் வரலாற்றில் அவர்கள் மாசற்ற பொன்னுலகத்தவராவர். 1521ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் திகதி ஸ்பானியரிடம் வீழ்ந்த மெக்சிக்கோவின் அஸ்தெக் மக்களுக்கும் இவ்விரு கோலங்களும் புனையப்பட்டன. அச்சமுதாயத்தில் உழைத்தவர் யார், உழைப்பின் பயனைத் துய்த்தவர் யார் என்னும் வினா இரண்டிலும் மறைந்துபோகிறது. நாம் அவ்வினாவிலிருந்தே தொடங்குவோம்.

டெஸ்கோகோ ஏரியின் நடுவிலிருந்த சதுப்புத் தீவில், மரபுக் கணக்கின்படி 1325ஆம் ஆண்டில், தெனோச்தித்லான் நகர் தோன்றியது. அந்நகருக்கு உணவளித்தவற்றுள் முதன்மையானவை சினாம்பா எனப்பட்ட வயல்கள். ஏரிச் சேற்றையும் நீர்ச்செடிகளையும் அடுக்கி, ஓரங்களில் மரம் நட்டு உறுதிப்படுத்தி, நீரிலிருந்தே நிலத்தை உண்டாக்கினர் அம்மக்கள். அவ்வயல்கள் ஆண்டுக்குப் பல போகம் விளைந்தன. கல்புல்லி என்னும் குடிக்குழுவின் நிலத்தைக் குடும்பங்கள் பகிர்ந்து பயிரிட்டன. ஆயின் இப்பொதுமையின் மேல் பிரபுக்களின் தனிநிலங்களும், அவற்றில் கட்டுண்டு உழைத்த உழவரும், அடிமைகளும் கொண்ட வர்க்க சமுதாயம் எழுந்து நின்றது.

1428ஆம் ஆண்டில் அஸ்காபொத்சால்கோவின் ஆதிக்கத்தை முறியடித்தபின், தெனோச்தித்லான், டெஸ்கோகோ, திலாக்கோபான் ஆகிய மூன்று நகரங்களும் கூட்டணி அமைத்தன. அன்று முதல் திறையே அரசின் உயிர்நாடியாயிற்று. வென்ற நாடுகளிலிருந்து சோளமும் கொக்கோவும் பறவை இறகுகளும் பருத்தித் துணிகளும் தலைநகரில் வந்து குவிந்தன. திறையாக வந்த பருத்தியைப் பொதுமக்கள் உடுத்தலாகாது. அவர்களுக்குக் கற்றாழை நார்த்துணியே உரியது என அந்நாட்டுச் சட்டம் விதித்ததாக அறிகிறோம்.

இவ்வொழுங்குக்கு அரண் செய்தது சமயம். தெய்வங்கள் தம்மையே பலியிட்டுச் சூரியனை இயக்கின. ஆகவே மனிதர் அவற்றுக்குக் கடன்பட்டவர் என்பது அவர்தம் நம்பிக்கை. பலியைக் குறிக்க அவர்கள் வழங்கிய சொல்லொன்றின் பொருள் 'கடன் தீர்த்தல்' என்பதாகும். அரசனுக்குத் திறை, தெய்வத்துக்குக் குருதி: இரண்டும் பிறவிக் கடனாகவே போதிக்கப்பட்டன. இத்சகோவாத்ல் என்னும் மன்னன் பழைய வரலாற்று ஏடுகளை எரிப்பித்தான் எனவும் ஒரு செய்தி உண்டு. புதிய ஆதிக்கத்துக்குப் புதிய கடந்தகாலம் தேவைப்பட்டது போலும்!

நரபலி வென்றவரின் வெறுங் கற்பனையன்று. 2015ஆம் ஆண்டு முதல் மெக்சிக்கோ நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மண்டையோட்டுக் கோபுரம் அதற்குச் சான்று. ஆனால், 1487ஆம் ஆண்டுக் கோயில் விழாவில் எண்பதினாயிரம் பேர் பலியிடப்பட்டனர் என்னும் கணக்கை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. அதே மக்கள்தாம் குடிமக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைத்தனர். கவிதையை 'மலரும் பாட்டும்' என்று அழைத்தனர். கொடுமையும் கலையும் ஒரே சமுதாயத்தின் விளைவுகளாயிருத்தல் அவர்களுக்கு மட்டும் உரிய விந்தையன்று.

1519ஆம் ஆண்டில் கோர்ட்டெஸ் சில நூறு வீரர்களுடனேயே கரையிறங்கினான். பேரரசை வீழ்த்த அப்படை போதாது. அஸ்தெக்கியரால் நெடுங்காலம் நெருக்கப்பட்ட திலாஸ்காலா மக்களும், திறைச் சுமையால் நைந்த பிறரும் ஆயிரமாயிரமாக அவனோடு சேர்ந்தனர். 1520ஆம் ஆண்டில் பரவிய பெரியம்மை நகரைச் சூறையாடியது. வெள்ளையரின் வீரம் என்று புகழப்பட்ட வெற்றியில் பெரும்பங்கு, பேரரசு தானே வளர்த்த பகைமையினது என்பதை நாம் மறத்தலாகாது.

திறையோ ஒழியவில்லை; வாங்கும் கை மாறியது. எஞ்சிய ஏடுகள் பலவற்றைப் பாதிரிமார் எரித்தனர். எனினும் சஹகூன் என்னும் துறவியுடன் பணியாற்றிய நாவா இன மாணாக்கரும் முதியோரும் தம் முன்னோர் வாழ்வைத் தம் மொழியிலேயே எழுதிவைத்தனர். சொந்த மன்னனும் அந்நிய மதகுருவும் எரித்தவற்றுக்குப் பின்னும் ஒரு மக்களின் குரல் நமக்குக் கேட்கிறதென்றால், அதற்குக் காரணம் அவ்வெழுத்தே. அதனைப் படிக்கையில் கோயிலின் உயரத்தை மட்டும் வியந்து நின்றுவிடாது, அதன் கல்லைச் சுமந்தவரையும் தேடுவதே வரலாற்று மாணவரின் கடமை.