வீடும் நிலமும் பிரிந்த கதை: பிராண்டன்பர்க் பண்ணை மாளிகைகளின் உரிமை வரலாறு

ஜெர்மனியின் கிராமப்புறங்களில் உள்ள பழைய பண்ணை மாளிகைகளுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அந்த வீடு எத்தனை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்பதைத்தான். அந்தத் தொடர்ச்சி எதனால் நிலைத்தது, எங்கே அறுந்தது என்று தேடினால், விடை குடும்பப் பெருமைகளில் கிடைப்பதில்லை. நிலச் சட்டங்களில்தான் கிடைக்கிறது. பிராண்டன்பர்க் மாநிலத்தின் ஃபிரீடர்ஸ்டோர்ஃப், லூபெனாவ் ஆகிய இரண்டு இடங்களை முன்வைத்து இக்கட்டுரை அதை ஆராய்கிறது.

பண்ணையாரின் ஆட்சி

எல்பே ஆற்றுக்குக் கிழக்கே 16ஆம் நூற்றாண்டு முதல் தானிய ஏற்றுமதி பெருகியது. நிலக்கிழார்கள் குடியானவர்களிடம் வாரம் வாங்குவதோடு நிற்காமல், தாங்களே பெரும் பண்ணைகளை நடத்தினார்கள். பண்ணை வேலைக்குக் குடியானவர்கள் கூலியின்றி உழைக்க வேண்டும். பண்ணையாரின் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போகவோ மணம் முடிக்கவோ முடியாது. வழக்கு விசாரணை, காவல், தேவாலயத்துக்குப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாம் பண்ணையாரிடமே இருந்தன. மாளிகை அன்று வசிப்பிடமாக மட்டும் இருக்கவில்லை; அந்த ஊரின் அரசாங்கமே அதுதான்.

ஓடர் ஆற்றுப் பகுதியில் உள்ள ஃபிரீடர்ஸ்டோர்ஃப், மார்விட்ஸ் குடும்பத்தின் ஊர். அங்குள்ள தேவாலயத்தில் அக்குடும்பத்தாரின் நினைவுக்கற்கள் உள்ளன. அவற்றில் புகழ்பெற்றது யோஹான் ஃபிரீட்ரிஷ் அடோல்ஃபின் கல்லறைக்கல். ஏழாண்டுப் போரின்போது, சாக்சனியின் ஹூபர்டுஸ்புர்க் அரண்மனையைக் கொள்ளையிடும்படி பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் இட்ட கட்டளையை ஏற்க மறுத்துப் பதவி விலகியவர் அவர். கீழ்ப்படிவது மானத்துக்கு இழுக்கான இடத்தில் மன்னரின் கோபத்தையே அவர் தேர்ந்துகொண்டார் என்ற பொருளில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மன்னருக்கு எதிரே நிமிர்ந்து நின்ற இந்தத் துணிவுக்குப் பின்னால் சொந்த ஊரில் தானே ஆட்சியாளர் என்ற நிலையும் இருந்தது.

சீர்திருத்தமும் அதன் முரணும்

பிராண்டன்பர்க்கை உள்ளடக்கிய பிரஷ்யா, நெப்போலியனிடம் தோற்றபின் 1807 அக்டோபரில் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. 1810 நவம்பரில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1811இல் இன்னொரு ஆணை குடியானவர்களுக்கு நிலத்தின் மீது முழு உரிமை அளித்தது. ஆனால் அதற்கு விலை இருந்தது. பரம்பரை அனுபோகம் உள்ளவர்கள் தங்கள் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் பண்ணையாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்தச் சீர்திருத்தங்களை மிகக் கடுமையாக எதிர்த்தவர் ஃபிரீடர்ஸ்டோர்ஃபின் ஃபிரீட்ரிஷ் அவுகுஸ்ட் லுட்விக் ஃபொன் டெர் மார்விட்ஸ் (1777–1837). லேபுஸ் வட்டார நிலக்கிழார்களின் சார்பில் மன்னருக்கு எதிர்ப்பு மனு எழுதியதற்காக 1811இல் அவர் ஷ்பாண்டாவ் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். அவர் அஞ்சிய சட்டமோ பண்ணைகளைச் சிதைக்கவில்லை. குடியானவர்கள் விட்டுக்கொடுத்த நிலத்தால் பண்ணைகள் பெருத்தன. நிலமிழந்தவர்கள் அங்கேயே கூலியாட்களானார்கள். போனது ஆட்சியதிகாரம்தான், அதுவும் மெல்லத்தான் போனது. பண்ணையாரின் நீதி விசாரணை உரிமை 1849இலும் காவல் அதிகாரம் 1872இலும் முடிவுக்கு வந்தன.

எழுத்தாளர் தியோடோர் ஃபொன்டானே 1860களில் பிராண்டன்பர்க் ஊர்களைப் பற்றி நூல் வரிசை எழுதியபோது, ஃபிரீடர்ஸ்டோர்ஃபையும் அதில் சேர்த்தார். அதிகாரம் தேயத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் மாளிகைகள் வாசகர்கள் தேடிச் சென்று பார்க்கும் இடங்களாகின.

பறிபோன காலம்

சொத்தைப் பாகம் பிரிக்காமல் ஒரே வாரிசுக்கு விடும் ஏற்பாடுதான் பல பண்ணைகளைச் சிதறாமல் காத்தது. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு அதைக் கலைக்க வேண்டும் என்றது; கலைப்பு இழுத்தடித்து 1939 தொடக்கத்தில்தான் சட்டப்படி முடிந்தது. உண்மையான முறிவு 1945இல் வந்தது. சோவியத் ஆட்சிப் பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டன. சுமார் 33 லட்சம் ஹெக்டேர் நிலம் அரசின் கைக்கு வந்தது. பெரும்பகுதி நிலமற்றவர்களுக்கும் அகதிகளுக்கும் பிரித்துத் தரப்பட்டது. 1947இல் வந்த 209ஆம் எண் ராணுவ ஆணை, புதுக் குடியானவர்களுக்கு வீடு கட்ட மாளிகைகளை இடித்துக் கல்லும் மரமும் எடுக்க வழிசெய்தது. ஃபிரீடர்ஸ்டோர்ஃப் மாளிகையும் போருக்குப் பின் இடிக்கப்பட்டது. மற்ற மாளிகைகள் பள்ளிகளாகவும் கூட்டுறவுப் பண்ணை அலுவலகங்களாகவும் மாறின.

ஸ்பிரேவால்ட் பகுதியில் உள்ள லூபெனாவ் மாளிகை வேறு வழியில் பறிபோனது. 1621 முதல் அது லீனார் குடும்பத்தின் உடைமை. ஹிட்லரைக் கொல்ல நடந்த 1944 ஜூலை 20 சதியில் பங்கேற்றதற்காக வில்ஹெல்ம் லீனார் அதே ஆண்டு செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். நாஜி அரசு சொத்தைப் பறிமுதல் செய்தது.

பறித்தது யார் என்ற கேள்வி

ஜெர்மனி இணைந்தபோது இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1945–49 காலத்துப் பறிமுதல்கள் திரும்பப் பெறப்படமாட்டா என்று இரு ஜெர்மானிய அரசுகளும் 1990 ஜூன் 15 அன்று கூட்டாக அறிவித்தன. கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1991இல் அதை உறுதிசெய்தது. நாஜிகளால் பறிக்கப்பட்ட சொத்துக்கோ மீட்புரிமை உண்டு. ஆகவே லூபெனாவ் 1990களின் தொடக்கத்தில் லீனார் குடும்பத்திடம் திரும்பியது. இன்று அது விடுதியாக நடக்கிறது. மார்விட்ஸ் குடும்பத்துக்கு எதுவும் தானாகத் திரும்பவில்லை. அக்குடும்பத்தில் ஒருவர் 1990க்குப் பின் ஃபிரீடர்ஸ்டோர்ஃபில் குடியேறி விவசாயத்தைப் புதிதாகத் தொடங்கினார். 1994ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் பழைய உரிமையாளர்களுக்குச் சலுகை விலையில் ஓரளவு நிலம் வாங்க வழி தந்தது. தாத்தாவின் நிலத்தைப் பேரன் காசு கொடுத்து வாங்கும் நிலை அது.

பார்வையாளர் வந்த வழி

மேற்கு ஜெர்மனியில் இத்தகைய பெரும் பறிமுதல் நடக்கவில்லை. அங்கே குடும்பங்களைக் கதவு திறக்க வைத்தவற்றில் பராமரிப்புச் செலவும் வரிச் சட்டமும் முக்கியமானவை. வருமானத்தைவிடச் செலவு அதிகமாக உள்ள, பாதுகாக்கத் தகுந்த கட்டடத்தை ஆய்வுக்கோ மக்கள் பார்வைக்கோ திறந்துவைத்தால், வாரிசு வரியில் பெரும் விலக்கு கிடைக்கிறது. 10 ஆண்டுகளுக்குள் விற்றால் அந்த விலக்கு பின்தேதியிட்டு ரத்தாகிவிடும். வழிகாட்டிச் சுற்றுலா, கச்சேரி, திருமண வாடகை ஆகியவற்றின் பின்னணியில் விருந்தோம்பலோடு இந்தக் கணக்கும் இருக்கிறது.

நிலம் மாளிகைக்குச் சோறு போட்ட காலம் போய், வருகிறவர்கள் சோறு போடும் காலம் வந்திருக்கிறது. குடும்பத்தின் கையில் வீடு நிலைப்பது குடும்பத்தின் குணத்தால் மட்டும் நடப்பதல்ல. ஒரே பிராண்டன்பர்க் மாநிலத்தில், ஓராண்டு இடைவெளியில் சொத்தை இழந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று மாளிகையை மீட்டது, மற்றது மீட்கவில்லை. எனவே ஒரு பண்ணை மாளிகையின் தலைமுறைக் கணக்கைக் கேட்கும் ஆய்வாளர், அந்தச் சொத்து எந்த ஆண்டு, எந்த ஆட்சியில், எந்தச் சட்டத்தின் கீழ் கைமாறியது என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.