ஆகாயத்தில் மூன்று ஷில்லிங் சாப்பாடு

சில வருடங்களுக்கு முன்னர் வளைகுடா நகரொன்றிலிருந்து கொழும்புக்குக் குறைந்த கட்டண விமானமொன்றில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பெண். நான்கு வருடங்கள் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலைசெய்துவிட்டு ஊர் திரும்புகிறார். உணவு வண்டி எங்கள் வரிசைக்கு வந்ததும் இயல்பாகக் கையை நீட்டினார். விமானப் பணிப்பெண் சிரித்த முகத்துடன் விலைப்பட்டியலை நீட்டினார். சம்பளம் முழுவதையும் மாதாமாதம் ஊருக்கு அனுப்பிவிட்ட அந்தப் பெண்ணின் கைப்பையில் இருந்தவை, நான்கு வருடங்களுக்கு முன்னர் ஊரிலிருந்து புறப்பட்டபோது கொண்டுசென்ற சில இலங்கை ரூபாய்த் தாள்கள் மட்டுமே. அவற்றை ஏற்க முடியாது என்றார்கள். "எனக்குப் பசியில்லை ஐயா" என்று என்னிடம் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவருக்குமாக நான் வாங்கிய சோற்றுப் பொதியை அவர் பெரும் தயக்கத்துடன்தான் ஏற்றுக்கொண்டார். பாதி சாப்பிட்ட பின்னர் மெல்லக் கேட்டார்: "போகக்குள்ள சும்மாதானே தந்தாங்க ஐயா?"

நியாயமான கேள்வி. விமானத்தில் சாப்பாடு இலவசம் என்ற நம்பிக்கை அவருக்கு மட்டும் உரியதன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் முதன்முதலாக விமானம் ஏறிய என் தலைமுறையினர் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அது எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்று தேடிப் பார்த்தபோது எனக்குச் சில ஆச்சரியங்கள் காத்திருந்தன.

முதலாவது ஆச்சரியம், ஆகாயத்தில் பரிமாறப்பட்ட முதல் உணவே காசுக்கு விற்கப்பட்டது என்பதாகும். முதலாம் உலக யுத்தத்தில் குண்டு வீசிய விமானங்களைப் பயணிகளுக்கென மாற்றியமைத்து லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே சேவை நடத்திய ஹான்ட்லி பேஜ் நிறுவனம், 1919 ஒக்டோபர் 11ஆம் திகதி தன் பயணிகளுக்கு மதிய உணவுப் பெட்டிகளை வழங்கியது. உள்ளே சான்ட்விச்சும் பழமும். விலை மூன்று ஷில்லிங். இன்றைய குறைந்த கட்டண நிறுவனங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஆயினும் அந்த வழக்கம் நீடிக்கவில்லை. அக்கால விமானம் குளிரும் இரைச்சலும் குலுக்கலும் நிறைந்தது. பயந்துபோன பணக்காரப் பயணியை அமைதிப்படுத்துவதற்கு உணவைப் போன்ற கருவி வேறில்லை. 1927இல் இம்பீரியல் எயர்வேய்ஸ் நிறுவனம் லண்டன் - பாரிஸ் தடத்தில் 'சில்வர் விங்' என்ற பெயரில் பரிசாரகர் உணவு பரிமாறும் ஆடம்பரச் சேவையைத் தொடங்கியது. 1930 மே 15ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் உலகின் முதலாவது விமானப் பணிப்பெண்ணாகப் பணியேற்ற எலன் சேர்ச், தொழிலால் ஒரு தாதி. வாந்தியெடுக்கும் பயணியைக் கவனிப்பதும் கோழிப் பொரியல் பரிமாறுவதும் ஒரே ஆளின் கடமைகளாக இருந்தன.

உணவு இலவசமாக நிலைபெற்றதற்கான உண்மையான காரணம் விருந்தோம்பல் அன்று. காரணம் சட்டம். அமெரிக்காவில் 1938 முதல் விமானக் கட்டணங்களை அரசாங்க சபையொன்று நிர்ணயித்தது. 1945 ஏப்ரிலில் கியூபாவின் ஹவானாவில் அமைக்கப்பட்ட சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், நாடுகளுக்கிடையிலான கட்டணங்களைத் தன் மாநாடுகளில் பேசித் தீர்மானித்தது. ஒரே தடத்தில் பறக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விலை. விலையில் போட்டியிட முடியாத வியாபாரிகள் வேறு எதில் போட்டியிடுவார்கள்? தட்டில்தான். இறைச்சி வாட்டல், வைன், துணி விரிப்பு, வெள்ளிக் கரண்டி என்று போட்டி வளர்ந்தது. பயணி அந்த உணவுக்கும் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அது பயணச்சீட்டின் விலைக்குள் மறைந்திருந்தது.

இந்தப் போட்டி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1958ஆம் ஆண்டின் 'சான்ட்விச் யுத்தம்' சாட்சி. அவ்வாண்டு அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் சிக்கன வகுப்பு அறிமுகமாயிற்று. விலை குறைவு, எனவே உணவும் குறைவாக இருக்கவேண்டும், சாதாரணமான, குளிர்ந்த, மலிவான சான்ட்விச் மட்டுமே கொடுக்கலாம் என்று சங்கம் விதித்தது. ஸ்கண்டிநேவியன் எயர்லைன்ஸ் இந்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது! அவர்களது நாட்டுச் சான்ட்விச் மூடியில்லாதது. ஒரு துண்டுப் பாணின்மேல் இறைச்சி, மீன், பாலாடைக்கட்டி, காய்கறி எனக் கோபுரம்போல் அடுக்கி, முள்ளாலும் கத்தியாலும் உண்ணவேண்டிய ஒரு விருந்தையே 'சான்ட்விச்' என்று பரிமாறினார்கள். பான் அமெரிக்கன் நிறுவனம் கொதித்தெழுந்து முறையிட்டது. சான்ட்விச் என்றால் என்ன என்று வரையறுப்பதற்காகப் பல நாடுகளின் விமான நிறுவனப் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். ஈற்றில் ஸ்கண்டிநேவியன் நிறுவனத்துக்கு 20,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐம்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தித்தாள்களோடு வாழ்ந்த எனக்கு, இதைப்போன்ற செய்தியொன்றைத் தலைப்பிட ஒருமுறைகூட வாய்க்கவில்லையே என்ற ஆதங்கம் உண்டு.

எமது பகுதியில் அப்போது விமானப் பயணம் இன்னும் அதிசயமாகவே இருந்தது. எயர் சிலோனின் டக்கோட்டா விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையைத் தொடங்கியிருந்தது.

விலைக் கட்டுப்பாட்டு மதிலில் முதல் ஓட்டை உள்ளூர்த் தடங்களில் விழுந்தது. அமெரிக்க மத்திய சபையின் அதிகாரம் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் மட்டும் பறக்கும் விமானங்கள்மீது செல்லாது. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி 1971 ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் சவுத்வெஸ்ட் நிறுவனம் மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. சாப்பாடு கிடையாது, நிலக்கடலைப் பொட்டலம் மட்டும். கடலிலே அதே வேலையைச் செய்தவர் ஃப்ரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர். 1977 செப்டெம்பர் 26ஆம் திகதி அவரது 'ஸ்கைட்ரெயின்' லண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு 59 பவுணுக்குப் பறந்தது. சாப்பாடு வேண்டுவோர் தனியே பணம் கட்டவேண்டும். 1982 பெப்ரவரியில் லேக்கர் வீழ்ந்தார். ஆனால் பயணம் வேறு, பண்டம் வேறு என்று அவர் பிரித்த பிரிவினை நிலைத்துவிட்டது.

1978 ஒக்டோபரில் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டையே நீக்கிற்று. 1981இல் தோன்றிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் கோப்பிக்கு 50 சதமும் பயணப் பொதிக்கு 3 டொலரும் அறவிட்டது. பெரிய நிறுவனங்களும் கணக்குப் பார்க்கத் தொடங்கின. அமெரிக்கன் எயர்லைன்ஸ் தலைவர் ரொபர்ட் கிராண்டல் சாலட் தட்டிலிருந்து ஒரேயொரு ஒலிவ் காயை எடுத்துவிட்டு வருடத்துக்கு 40,000 டொலர் மிச்சம் பிடித்தார் என்பது எண்பதுகளின் புகழ்பெற்ற கதை. ஐரோப்பாவில் வான்சந்தை திறந்துவிடப்பட்டபோது, சவுத்வெஸ்ட்டைப் பார்த்துப் பாடம் கற்ற றயன்எயரும், 1995 நவம்பரில் லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 29 பவுணுக்குப் பறந்த ஈசிஜெட்டும் வந்தன.

ஒரு தட்டுச் சாப்பாட்டை நிறுத்துவதால் மிச்சமாவது அந்தத் தட்டின் விலை மட்டுமன்று. சமையற்கூடம் சுருங்கினால் மேலதிக இருக்கைகளைப் பொருத்தலாம். அடுப்பின் பாரம் இல்லையென்றால் எரிபொருள் மிச்சம். உணவு ஏற்றும் லொறிக்காகக் காத்திருக்கவும், எச்சில் தட்டுகளை இறக்கவும் நேரம் செல்வதில்லை. தரையிறங்கிய விமானம் அரைமணி நேரத்துக்குள் மீண்டும் பறந்துவிடும். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. இந்த மிச்சமெல்லாம் சேர்ந்துதான் பயணச்சீட்டின் விலையைக் குறைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. பல நிறுவனங்களில் விற்பனையில் ஒரு பங்கு பணியாளர்களுக்கும் போகிறது. அன்று தாதியாக ஏறிய பணிப்பெண் இன்று விற்பனையாளராகவும் ஆகிவிட்டார்.

ஆசியாவில் இந்த அலையைக் கொண்டுவந்தவர் மலேசியாவின் ரொனி பெர்னாண்டஸ். இசைத்தட்டு நிறுவனமொன்றில் அதிகாரியாக இருந்த அவர், கடனில் மூழ்கிய எயர்ஏசியாவை 2001இல் ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். 40 மில்லியன் ரிங்கிட் கடனும் கூடவே வந்தது. அவரது விமானங்களில் விற்ற நாசி லெமாக் அவ்வளவு பிரபலமாகி, 2019 டிசம்பரில் கோலாலம்பூரில் விமான உணவுக்கென்றே ஓர் உணவகத்தை அந்நிறுவனம் திறந்தது. விமானச் சாப்பாட்டைத் தரையில் காசு கொடுத்து வாங்கி உண்ண ஆட்கள் வருவார்கள் என்று பழைய நிறுவனங்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டா. இந்தியாவில் கப்டன் கோபிநாத் 2003இல் எயர் டெக்கானைத் தொடங்கி, ஒரு ரூபாய்ப் பயணச்சீட்டு என்று விளம்பரம் செய்தார். 2020இல் வெளிவந்த 'சூரரைப் போற்று' திரைப்படம் அவரது கதையைத் தழுவியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 2006இல் வந்த இண்டிகோ, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமாவை விற்றது. 2024 செப்டெம்பர் முதல் அதே நிறுவனம் சென்னையிலிருந்து பலாலிக்கும் பறக்கின்றது. ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் சாப்பாடு இல்லையென்று எவரும் வருந்தப் போவதில்லை.

உணவைப் பற்றி நான் அதிகம் முறையிட மாட்டேன். மலிவுச் சீட்டு இல்லாதிருந்தால் என் பக்கத்து இருக்கைப் பெண் போன்ற பலர் இடையில் ஒருமுறை ஊருக்கு வந்து பிள்ளையைப் பார்த்திருக்கவே முடியாது. என்னை உறுத்துவது தண்ணீர். 2006 ஓகஸ்ட்டில் பிரித்தானியாவில் திரவ வெடிபொருள் சதியொன்று பிடிபட்ட பின்னர், பயணிகள் தண்ணீர்ப் போத்தலுடன் பாதுகாப்புச் சோதனையைக் கடப்பது பெரும்பாலான விமான நிலையங்களில் தடுக்கப்பட்டது. வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரக் கூடாது, விமானத்திலோ காசு. வறண்ட காற்றுள்ள கூண்டுக்குள் நான்கைந்து மணி நேரம் இருப்பவருக்குத் தண்ணீர் ஒரு விருப்பத் தெரிவு அன்று.

பயணிகளும் இந்த இடத்தில்தான் கோடு கீறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் யூஎஸ் எயர்வேய்ஸ் 2008 ஓகஸ்ட்டில் தண்ணீருக்கும் மென்பானத்துக்கும் 2 டொலர் அறவிடத் தொடங்கியது. மற்றைய பெரிய நிறுவனங்கள் பின்தொடரவில்லை, பயணிகள் முணுமுணுத்தார்கள், 2009 மார்ச்சில் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் 2017 ஜனவரியில் குறுந்தூரச் சிக்கன வகுப்பில் இலவச உணவை நிறுத்தி விற்பனையை ஆரம்பித்தது. 2021இல் ஒரு போத்தல் தண்ணீரையும் சிறு தின்பண்டத்தையும் மீண்டும் இலவசமாக்கியது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிப்படி, விமானம் நீண்ட நேரம் தாமதித்தால், சீட்டு எவ்வளவு மலிவானதாயினும், பயணிக்கு உணவும் பானமும் இலவசமாகக் கொடுத்தாகவேண்டும். 2010 ஏப்ரிலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வானத்தை மூடியபோது, போர்த்துக்கலின் ஃபாரோ நகரில் ஒரு வாரம் சிக்கிய பயணியொருவர் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் செலவழித்த ஏறத்தாழ 1,130 யூரோவைக் கோரி றயன்எயர்மீது வழக்குத் தொடர்ந்தார். அவரது சீட்டின் விலை 98 யூரோ. எரிமலை வெடித்தாலும் பயணியைப் பராமரிக்கும் கடமை நீங்காது என்று 2013 ஜனவரி 31ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமானம் தரையில் நின்றால் பயணிக்குச் சாப்பாடு உண்டு. நேரத்துக்குப் பறந்துவிட்டால் ஒரு மிடறு தண்ணீருக்கும் விலை உண்டு.

அந்த விதி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படுவோருக்கும், ஒன்றியத்து நிறுவனங்களின் விமானங்களில் அங்கு செல்வோருக்கும் உரியது. வளைகுடாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வருபவருக்கு அது பொருந்தாது. அன்று விமானம் இறங்கத் தொடங்கியபோது மட்டக்களப்புப் பெண் மிஞ்சிய சோற்றைக் கடுதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பொதியின் விலை ரூபாய்க் கணக்கில் எவ்வளவு என்று கேட்டார். பாதியைக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, "அவ்வளவா?" என்றார்.